நேரம் தவறிய நெருப்பு

இருட்டிய பிறகு ஒரு ஏடிவியைத் திறந்த வெளியில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் ஐந்தாறு நிமிடம் விட்டுவைத்தால், சில வண்டிகளில் சிலிண்டர் ஹெட்டிலிருந்து கிளம்பும் குழாயின் முதல் ஒரு சாண் மங்கலாகச் சிவப்பேறும். நம் ஊர்ப் பட்டறைகளில் பெண்ட் பைப் என்பார்களே, அந்தப் பகுதி. முதல் தடவை பார்ப்பவர் பதறிப்போய் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். விவரம் தெரிந்தவர் ‘பெட்ரோல் கம்மியா போகுது’ என்பார். உதிரிபாகக் கடைக்காரர் புது சைலன்சர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பார். மூவரின் கண்ணும் குழாய்மேல்தான். ஆனால் பார்க்க வேண்டிய சங்கதி குழாய்க்கு முன்னால், சிலிண்டருக்குள், ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

நான்கு தடித்த டயர், சைக்கிளைப் போல ஹேண்டில்பார், கால் விரித்து உட்காரும் சீட்: ஏடிவி என்றால் இதுதான். ஹோண்டா 1970-ல் மூன்று சக்கரத்தோடு ஆரம்பித்து வைத்த வகை இது. சுசுகி நான்கு சக்கரத்தைக் கொண்டுவந்தது 1980-களின் தொடக்கத்தில். நம் மலைவாசஸ்தலங்களில் இது சுற்றுலாப் பயணிகளுக்கான விளையாட்டு வண்டி. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பண்ணைக்காரரின் அன்றாட வேலைக்கருவி. வேலி பார்ப்பது, மாடு ஓட்டுவது, மருந்து அடிப்பது எல்லாம் அதில்தான். இந்த வேலைகளின் லட்சணம், வண்டி மெதுவாகப் போகும், அடிக்கடி நிற்கும், நின்றபடியே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். சைலன்சர் சூட்டுக்கு இதைவிட வாகான சூழ்நிலை கிடையாது.

எவ்வளவு சூடு என்பதைத் தெர்மாமீட்டர் இல்லாமலே ஓரளவு சொல்லிவிடலாம். அதற்கு வழி காட்டியவர் ஜான் வில்லியம் டிரேப்பர், நியூயார்க்கில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். நிலவை முதன்முதலாகப் புகைப்படம் எடுத்தவர்களிலும் அவர் ஒருவர். ஒளி என்றால் விடமாட்டார் போலிருக்கிறது. ஒரு பிளாட்டினப் பட்டையில் மின்சாரம் செலுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, இருட்டறையில் அது எப்போது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது என்று பார்த்தார். 1847-ல் அவர் சொன்ன விடை சுமார் 525 டிகிரி செல்சியஸ். இதில் வியப்பு, பிளாட்டினம் என்றில்லை, எந்தத் திடப்பொருளானாலும் கிட்டத்தட்ட அதே வெப்பநிலையில்தான் சிவக்கத் தொடங்கும் என்பது. ஆக, உங்கள் பெண்ட் பைப் இருட்டில் லேசாகச் சிவந்தாலே 525 டிகிரியைத் தொட்டுவிட்டது. நிழலில் நின்று பார்த்தாலே நல்ல சிவப்பாகத் தெரிந்தால் 700-க்கு மேல். ஆரஞ்சு நிறம் அடித்தால் 900-ஐத் தாண்டிவிட்டது, உடனே அணைத்துவிடுங்கள்.

சிவக்கவில்லை என்பதாலேயே சூடில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 525 டிகிரியில் ஒரு பொருள் வீசும் கதிர்களில் மிகப் பெரும்பங்கு அகச்சிவப்பு, நம் கண்ணுக்கு எட்டாதது. நாம் பார்க்கும் சிவப்பு அந்தக் கதிர்வீச்சின் ஓரத்தில் வழியும் கடைசித் துளி மட்டுமே. 450 டிகிரியில் இருக்கும் குழாய் கன்னங்கரேலென்று சாதுவாகத்தான் நிற்கும், கை பட்டால் தோல் போய்விடும்.

நின்றால் சிவப்பதும் ஓடினால் கறுப்பதும் ஏன்? வண்டி ஓடும்போது எதிர்க்காற்று குழாயின் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது. நிற்கும்போது அந்தக் காற்று இல்லை. குழாய் தன் வெப்பத்தைப் பெரும்பாலும் கதிராக வீசித்தான் கழிக்க வேண்டும். இந்தக் கதிர்வீச்சு கெல்வினில் எண்ணிய வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பது 1879-ல் ஜோசப் ஸ்டெஃபான் கண்ட விதி. 27 டிகிரியில் இருக்கும் குழாயைவிட 527 டிகிரியில் இருக்கும் குழாய் ஏறத்தாழ 50 மடங்கு அதிகமாக வீசுகிறது. உள்ளே வந்து சேரும் வெப்பமும் வெளியே வீசும் வெப்பமும் சமமாகும்வரை குழாய் சூடாகிக்கொண்டே போகும். சமநிலை வந்த இடத்தில் நிற்கும். அந்த இடம் டிரேப்பரின் எல்லைக்கு மேலே போனால் சிவப்பு, கீழே நின்றால் கறுப்பு.

இதில் குழாயின் உலோகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. துருப்பிடிக்காத எஃகு வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். சாதாரண எஃகின் மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். அதனால் சூடு பரவாமல் ஒரே இடத்தில் தேங்கும். வெளிச்சந்தையில் வாங்கி மாட்டும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் பைப் சிவப்பதும், கம்பெனியே போட்டுக் கொடுத்த பைப் சிவக்காமல் இருப்பதும் இதனால் மட்டும் இல்லை. கம்பெனி பைப் பலவற்றில் குழாய்க்குள் குழாயாக இரட்டைச் சுவர் இருக்கும். உள்சுவர் சிவந்துதான் கிடக்கும், நமக்குத் தெரியாது. ஆகவே முதல் சில அங்குலம், இருட்டில் மட்டும், நின்றபடி ஓடும்போது மட்டும், லேசாகச் சிவந்து, வண்டி கிளம்பியதும் மறைந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஸ்டார்ட் செய்த இரண்டே நிமிடத்தில் சிவந்தாலோ, பகலிலேயே தெரிந்தாலோ, முதல் வளைவைத் தாண்டிச் சிவப்பு இறங்கினாலோ, கூடவே இழுவை குறைந்து பட்பட்டென்று சைலன்சரில் வெடித்தாலோ, அப்போது உட்கார்ந்து தேட வேண்டும்.

எங்கே தேடுவது என்று புரிய, அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். பிஸ்டன் மேலே இருக்கும்போது பெட்ரோலும் காற்றும் எரிந்து 2,000 டிகிரிக்கு மேல் போகின்றன. பிறகு அந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. தள்ளுவது வேலை. வேலை செய்த அளவுக்கு வாயு தன் வெப்பத்தை இழக்கிறது. ரேடியேட்டரோ காற்றோ அதைக் குளிர்விப்பதைவிடப் பிஸ்டனைத் தள்ளியே அது அதிகம் குளிர்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். ஒரு எளிய கணக்கு: 2,500 கெல்வினில் இருக்கும் வாயு ஒன்பது மடங்கு விரிந்தால் ஏறக்குறைய 1,300 கெல்வினுக்கு இறங்கும். அதே வாயு தாமதமாக எரிந்து, பிஸ்டன் ஏற்கெனவே கொஞ்ச தூரம் இறங்கிவிட்டதால் நான்கு மடங்கு மட்டும் விரிய முடிந்தால், 1,650 கெல்வினிலேயே எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியேறும். உண்மையான இன்ஜின் இவ்வளவு நேர்க்கோட்டில் நடக்காது. ஆனாலும் வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது இதில் தெரிந்துவிடும். ஒரு சொட்டு பெட்ரோல்கூட அதிகம் எரியவில்லை, நெருப்பு முன்னைவிடக் கடுமையாகவும் இல்லை. பந்தி எழுந்த பிறகு வந்த பாயசம்போல, பிஸ்டன் போன பிறகு வெப்பம் வந்தது, அவ்வளவுதான். மிச்சம் முழுக்கக் குழாய்க்குப் போய்விட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டால், ‘லீன் ஆனால் சூடு’ என்று எல்லோரும் சொல்லும் வாய்ப்பாட்டையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் குறைந்தால் லீன், கூடினால் ரிச். பிஸ்டன் இன்ஜின் வைத்த சிறிய விமானங்களில் விமானிக்கு எதிரிலேயே எக்ஸாஸ்ட் வெப்பநிலை காட்டும் முள் இருக்கும். பறக்கும்போது அவர் பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கக் குறைக்க முள் ஏறும். ஒரு உச்சத்தைத் தொடும். அதற்கு மேலும் குறைத்தால் முள் இறங்கும்! எரிய ஆள் குறைந்தால் சூடும் குறையத்தானே வேண்டும். அப்படியானால் ஏடிவியில் மட்டும் பெட்ரோல் குறைந்தால் குழாய் ஏன் சிவக்கிறது?

ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி, ஓடும் இன்ஜினின் நிலைமை அப்படி. திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. உள்ளே வரும் புதுக் கலவை கொஞ்சம். போன சுழற்சியில் எரிந்து மிச்சமான புகை சிலிண்டரில் தங்கி அதோடு கலந்துவிடுகிறது. ஏற்கெனவே நெருப்பு சோம்பலாகத்தான் பரவும். இதில் பெட்ரோலும் குறைந்தால் சோம்பல் இரட்டிப்பாகும். 1,500 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்று வர 40 மில்லி செகண்ட் ஆகிறது. பிஸ்டன் மேலிருந்து கீழே வர 20. எக்ஸாஸ்ட் வால்வோ பிஸ்டன் கீழே போய்ச் சேரும் முன்பே, சுமார் 15-ஆவது மில்லி செகண்டில் திறந்துவிடுகிறது. நெருப்பு அதற்குள் முடியாவிட்டால் மிச்சத்தைக் குழாயில் எரித்து முடிக்கும். சில சுழற்சிகளில் பற்றவே பற்றாமல் கலவை அப்படியே வெளியே போகும். லீன் என்பதால் கூடவே ஆக்சிஜனும் இருக்கிறது. சிவந்த குழாயில் பட்டதும் பற்றிக்கொள்ளும். சைலன்சரில் பட்பட் கேட்பது இதுதான்.

ஆகவே கார்பரேட்டர் வண்டி என்றால் முதல் சந்தேகம், ஐடிலிங்கில் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின்மேல். சில கார்பரேட்டர்களில் 40 என்று எண் போட்ட ஸ்லோ ஜெட்டின் துளை 0.40 மில்லிமீட்டர், தையல் ஊசியைவிடச் சன்னம். வண்டி இரண்டு மாதம் நின்று பெட்ரோல் ஆவியானால் மிஞ்சும் பசை அந்தத் துளையை மூடப் போதும். திராட்டில் நன்றாகத் திறக்கும்போது பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டின் துளை பெரிது, அது தப்பித்துவிடும். அதனால்தான் முழுத் திராட்டிலில் வண்டி பறக்கும், நின்றால் மட்டும் குழாய் சிவக்கும், சோக் கொஞ்சம் இழுத்து வைத்தால் ஐடிலிங் சரியாகும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வேறெதையும் தொடாமல் கார்பரேட்டரைக் கழற்றலாம். துளையில் கம்பியை விட்டுக் குடைய வேண்டாம், அரைப் புள்ளி பெரிதானால் ஜெட் ஜெட்டாக இருக்காது. கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகுமுன் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இன்ஜின் பக்கம் இருந்தால் பொதுவாக அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் ரிச். ஏர் பில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் லீன். இதை மாற்றிப் புரிந்துகொண்டு ஒரு நாள் முழுக்கத் திருகுபவர்கள் உண்டு.

ஜெட் சுத்தமாக இருந்தும் லீன் அறிகுறி போகாவிட்டால் ஏர் லீக். கார்பரேட்டரையும் ஹெட்டையும் இணைக்கும் ரப்பர் பூட் பழசானால் அடிப்பக்கத்தில் கீறல் விடும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. பட்டறைகளில் கிளீனரைப் பீய்ச்சி, ஐடிலிங் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் ஒரு சாண் தள்ளிச் சிவந்த குழாய் இருக்கும்போது அந்த வேலை தற்கொலைக்குச் சமம். தண்ணீரைப் பீய்ச்சியே பார்க்கலாம். கீறலில் தண்ணீர் போய் அடைக்கும் அந்தக் கணத்தில் இன்ஜின் ஓட்டம் மாறும், காதுக்குத் தெரியும்.

பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் உள்ள கேஸ்கெட்டையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். புகைதானே வெளியே வருகிறது, ஓட்டை இருந்தால் புகை கசியும், காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்கலாம். ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினின் புகை ஒரே ஓட்டமாக வருவதில்லை, அலை அலையாக வருகிறது. ஒரு அலை கடந்து போனதும் பின்னால் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். அப்போது ஓட்டை காற்றை உறிஞ்சும், எரியாத பெட்ரோல் ஆக்சிஜனைக் கண்டு குழாய்க்குள்ளேயே எரியும். கேஸ்கெட் ஓரத்தில் கறுப்புக் கரி கோடாகப் படிந்திருந்தால் அதுவே சாட்சி.

பெட்ரோல் பக்கம் எல்லாம் சரி, குழாய் இன்னும் சிவக்கிறது என்றால் டைமிங். ஸ்பார்க் தாமதமானால் எரிதல் முழுதும் தாமதம்தான், கலவை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும். கிராங்க் முனையில் மேக்னட் சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது விரல் நகம் அளவுள்ள ஒரு எஃகுத் துண்டு, அரைவட்டச் சாவி. மேக்னட் நட்டு சரியாக முறுக்கப்படாமல் இருந்தால் சக்கரம் அசைந்து அந்தச் சாவியைக் கத்தரித்துவிடும். சக்கரம் பத்து டிகிரி விலகினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஓட்டுபவருக்கு ‘கொஞ்சம் இழுக்கல’ என்று மட்டும் தோன்றும். 1,500 ஆர்பிஎம்மில் பத்து டிகிரி என்பது 1.1 மில்லி செகண்ட். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் சாவி கத்தரிபட்டிருப்பது பளிச்சென்று தெரியும். சமீபத்தில் டைமிங் செயின் மாற்றியிருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேமின் 32 பல் சக்கரத்தில் ஒரு பல் தவறினால் கிராங்க் கணக்கில் 22.5 டிகிரி பிசகு.

வால்வைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே அலட்சியம் செய்தால் செலவு அதிகம். எக்ஸாஸ்ட் வால்வின் தலை நெருப்பிலேயே குடியிருக்கிறது. அதற்குக் குளிர்ச்சி கிடைப்பது மூடியிருக்கும் நேரத்தில்தான். ஹெட்டில் உள்ள வால்வு சீட் என்னும் வளையத்தோடு அழுந்தி உட்காரும்போது, தன் வெப்பத்தில் பெரும்பங்கை அந்த வளையத்துக்கு இறக்கிவிடுகிறது. வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கருக்கும் வால்வு முனைக்கும் இடையே டேப்பெட் இடைவெளி என்று ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு விடுவது, வால்வு முழுதாக உட்கார்ந்துதான் தீர வேண்டும் என்பதற்காக. நாளாக ஆக வால்வு சீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைகிறது, இடைவெளி சுருங்குகிறது. தளர்ந்த டேப்பெட் டக்டக் என்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இறுகிய டேப்பெட் வாயே திறக்காது, அமைதியாக ஓடுகிறதென்று நாம் சந்தோஷப்படுவோம். உள்ளே வால்வு சீட்டைத் தொட்டும் தொடாமலும் தொங்கும், அழுத்தம் கசியும், எரியும் வாயு அந்தச் சன்ன இடுக்கில் பீறிட்டு வால்வின் விளிம்பை அரிக்கும், குழாய் சிவக்கும். இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த பின், கையேட்டில் சொன்ன அளவு ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. ஹெட்டை இறக்கி வால்வு மாற்றுவது அப்படி இல்லை. என்னைக் கேட்டால், ஸ்லோ ஜெட்டுக்குச் சொன்ன மூன்று அறிகுறியும் சேர்ந்து வராதபோது, கார்பரேட்டரைத் தொடும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

இதுவரை சொன்ன காரணங்களோடு ஒட்டாத ஒன்று, அடைப்பு. அமெரிக்க வனப்பகுதிகளில் ஓட்டும் வண்டிகளுக்குத் தீப்பொறி தடுக்கும் வலை சைலன்சரில் இருக்க வேண்டும். அந்த வலையில் கரி அடைத்தால் சூடான புகை போக வழியில்லாமல் முதல் வளைவில் தேங்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருப்பதும் உண்டு. இன்ஜினின் ஆர்பிஎம் மேலே ஏற மறுத்தால் வலையைக் கழற்றி ஒரு முறை பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், நாம் நோய் என்று விரட்டும் இந்தத் தாமத எரிதலைக் கார் கம்பெனிகள் வேண்டுமென்றே செய்கின்றன. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் வேலை செய்யும். குளிர்ந்த காரை ஸ்டார்ட் செய்ததும் கணினி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி, பெட்ரோலின் வெப்பத்தைப் பிஸ்டனுக்குக் கொடுக்காமல் குழாய்க்கு அனுப்புகிறது. சில பத்து நொடிகளில் கன்வெர்ட்டர் தயாராகிவிடும். பிறகு டைமிங் பழைய இடத்துக்குத் திரும்பும்.

சரிசெய்த பிறகு சூடு குறைந்ததா என்று அகச்சிவப்புத் துப்பாக்கித் தெர்மாமீட்டரை நீட்டிப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பளபளப்பான உலோகம் அகச்சிவப்பைச் சரியாக வீசாது, சுற்றியுள்ளதைத்தான் பிரதிபலிக்கும். 500 டிகிரியில் இருக்கும் புது ஸ்டெயின்லெஸ் குழாயைக் கருவி 200 என்றுகூடக் காட்டலாம். குழாய் குளிர்ந்திருக்கும்போது, வெப்பம் தாங்கும் மங்கலான கறுப்புப் பெயின்ட்டில் காசளவு ஒரு பொட்டு வைத்து, எப்போதும் அந்தப் பொட்டையே குறிபார்த்து அளக்க வேண்டும். பழுது பார்க்கும் முன்னும் பின்னும், ஸ்டார்ட் செய்து ஒரே அளவு நேரம் கழித்து.

குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார்ப் பட்டை கட்டுவது நாகரிகமாகிவிட்டது. காலுக்குச் சூடு தெரியாது, உண்மைதான். ஆனால் கதிராக வீசி வெப்பத்தைக் கழிக்கும் வழியை அடைத்துவிட்டதால் உள்ளே உலோகம் முன்னைவிடச் சூடாகும். மழையில் நனைந்த பட்டை ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயைச் சீக்கிரம் துருவேற்றும். அதைவிட, நிற்கும்போதும் காற்றுப் போகும்படி குழாயிலிருந்து தள்ளிப் பொருத்திய தகர மறைப்பு நல்லது.

அந்த மறைப்புக்கும் குழாய்க்கும் நடுவில் வந்து அடையும் காய்ந்த புல்தான் கடைசியில் வண்டியைக் கொளுத்துகிறது. சூடான உலோகத்தோடு ஒட்டிக் கிடக்கும் காய்ந்த புல் கருகிப் புகைய 300 டிகிரி வாக்கிலேயே சூடு போதும், குழாய் சிவக்கவே தேவையில்லை. டைமிங்கும் டேப்பெட்டும் துல்லியமாக இருக்கும் புது வண்டியின் குழாய்கூட வேலை நேரத்தில் அந்தச் சூட்டைத் தாண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை மாவட்டங்களில் காற்றும் வெயிலும் கடுமையான நாட்களில் உள்ளாட்சிகள் அறுவடைக்கும் வயலுக்குள் வாகனம் ஓட்டுவதற்கும் தடை போடுகின்றன. தடை நீங்கும்வரை டிராக்டரும் ஏடிவியும் வயலுக்குள் இறங்கக் கூடாது. மற்ற நாட்களில், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இறங்கி, குழாயைச் சுற்றியும் இன்ஜினுக்கு அடியிலும் சிக்கிய புல்லை ஒரு குச்சியால் இழுத்துப் போட்டுவிட்டு, புல் இல்லாத வெறுந்தரையாகப் பார்த்து வண்டியை நிறுத்த வேண்டும்.